பத்து எண்ணிச் செருகும் பழக்கம்

மார்ச் 3, திங்கள்

மோட்டார் கன்ட்ரோலர் சிப் இன்று முதல் முயற்சியிலேயே எழுந்துவிட்டது! மைய மென்பொருளான கெர்னல் எழுந்து, சிப்போடு பேச நான் எழுதிய டிரைவர் என்ற புரோகிராமைக் கூப்பிட, டிரைவர் அந்தச் சிப்பைத் தட்டி எழுப்ப, அது 'தயார்' என்று ஒரே ஒரு பிட்டை உயர்த்த — எல்லாம் கண் சிமிட்டும் நேரத்துக்குள். பத்தொன்பது வருஷமாக இதே பிழைப்பு. இன்னும் அந்தப் பூஜ்யம் ஒன்றாகும்போது சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்படுகிறேன். மனைவியிடம் சொன்னேன். "இதுக்கு ஸ்வீட் வாங்கணுமா என்ன?" என்றாள். வாங்கினால்தான் என்ன?

நோயாளியின் ரத்தக்குழாயில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்ப் இது. இருபத்தெட்டாம் தேதி நாற்பது பம்புகள் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

மார்ச் 5, புதன்

டெஸ்ட் பிரிவில் ஒப்பந்தத்தில் வந்திருக்கும் அம்மா ஒரு புகார் போட்டிருக்கிறார். ரீஸ்டார்ட் செய்தால் சில நேரம் திரை உறைந்து நிற்கிறதாம். முப்பது தடவைக்கு ஒன்றாம்.

என் மேசையில் அறுபது தடவை பார்த்தேன். ஒயரைப் பிடுங்கு, பத்து எண்ணு, செருகு. எங்கள் டீமில் எல்லோருக்கும் இந்தப் பத்து எண்ணும் பழக்கம் உண்டு. சர்க்யூட் போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து எல்லாம் சுத்தமாகத் தொடங்கும். அறுபதுக்கு அறுபதும் சரி. புகாரை மூடிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

திரும்பத் திறந்திருக்கிறார்! மூடினேன்.

மார்ச் 7, வெள்ளி

மறுபடியும் திறந்தார். நேரே போய்க் கேட்டேன்.

"எப்படிங்க டெஸ்ட் பண்றீங்க?"

"மெனுவுல போய் ரீஸ்டார்ட் அழுத்துவேன் சார். நர்ஸ் அப்படித்தானே பண்ணுவாங்க."

எங்கள் டீம் பையன்கள் அவருக்கு 'ரீஸ்டார்ட் அக்கா' என்று பேர் வைத்தது சும்மா இல்லை. உங்க போர்டுல கோளாறு என்றேன். "மூணு போர்டு மாத்திப் பாத்துட்டேன் சார்" என்றார். முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி வந்த சூட்டோடு மேனேஜருக்கு மெயில் தட்டினேன்: டெஸ்ட் செய்யத் தெரியாதவரால் வேலை தாமதமாகிறது. பதினோரு பேருக்கு நகல்.

அனுப்பியபோது மனசு லேசாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. சரி, விடு.

மார்ச் 10, திங்கள்

மேனேஜர் கூப்பிட்டார். "உங்க மெயில் பாத்தேன். அவங்க ஒப்பந்தம் முப்பத்தொண்ணாம் தேதியோட முடியுது. நீட்டிக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்."

நான் அதைக் கேட்கவில்லையே.

கேட்கவில்லையா?

மார்ச் 12, புதன்

காலையில் ரீஸ்டார்ட் அக்கா ஒரு நோட்டோடு என் மேசைக்கு வந்தார். மெயில் விஷயம் அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டை விரித்தார். கையால் கட்டம் போட்டு இருநூற்றுப் பன்னிரண்டு ரீஸ்டார்ட்! நேரம், போர்டு எண், அப்போது மோட்டார் ஓடியதா நின்றதா — எல்லாம் இருந்தது. மோட்டார் ஓடும்போது அழுத்தியது ஏழே தடவை. ஏழும் உறைந்திருக்கிறது.

"மருந்து ஏறிட்டிருக்கும்போது யாருங்க ரீஸ்டார்ட் பண்ணுவாங்க?"

"பண்ணுவாங்க சார். எங்கம்மாவப் பாத்துக்க வேலைய விட்டு ஏழு வருஷம். அதுல ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரியில இந்த மாதிரி பம்ப பாத்துட்டே உக்காந்திருந்தேன். அவசரத்துல எல்லாத்தையும் அழுத்துவாங்க. ஒருத்தரும் ஒயரப் பிடுங்கி பத்து எண்ணினதில்ல."

நோட்டை என் பக்கம் இழுத்து அந்த ஏழு வரிகளையும் மறுபடி படித்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க, உங்க டிரைவர் புரோகிராமையும் படிச்சேன். இன்டரப்ட முதல்ல திறந்துட்டு, அப்புறம்தான் சிப்ப ரீசெட் பண்றீங்க."

பார்த்தேன். ஆமாம். பழைய டிரைவரிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய பகுதி. இன்டரப்ட் என்பது சிப் கெர்னலைக் கூப்பிடும் குரல். ரீஸ்டார்ட் செய்தால் கெர்னல்தான் எல்லாவற்றையும் மறக்கிறது, சிப்புக்கு மின்சாரம் நிற்பதில்லை. பாதியில் விட்ட வேலைக்கு அது இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. நான் வழியைத் திறந்த அந்த நொடியே குரல் உள்ளே வருகிறது. பதில் சொல்லத் தேவையான நினைவகத்தை நான் அதுவரை ஒதுக்கவே இல்லை. உறையாமல் என்ன செய்யும்?

அறுபது தடவையும் ஒயரைப் பிடுங்கி, என் தப்பை நானே துடைத்துவிட்டு, தப்பே இல்லை என்று சாதித்திருக்கிறேன். உறைந்த திரைக்கு முன்னால் ஒரு நர்ஸ் நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

வரிசையை மாற்றினேன். ரீசெட். 'தயார்' வரும்வரை பொறு. பழைய கூப்பாடுகளை அழி. நினைவகத்தை ஒதுக்கு. கடைசியில்தான் இன்டரப்ட். மோட்டாரை ஓடவிட்டு அவரே ஐம்பது தடவை அழுத்தினார். ஒன்றுகூட உறையவில்லை. என்ன ஒரு மூளை இந்த அம்மாவுக்கு! இவருக்கா டெஸ்ட் செய்யத் தெரியாது என்று எழுதினேன்? வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

வாயால் சொன்னால் போதாது. அதே பதினோரு பேருக்கும் எழுதினேன்: தப்பு என் டிரைவரில், என் முந்தைய மெயில் அநியாயம், தற்செயலாக அவர் இதைக் கண்டுபிடித்திராவிட்டால் பம்புகள் இப்படியே போயிருக்கும்.

பத்து நிமிஷத்தில் அக்கா வந்து நின்றார். "ஒரு திருத்தம் சார். தற்செயல் இல்ல."

இல்லைதான். அந்த வார்த்தையை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன்.

மார்ச் 17, திங்கள்

அக்காவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி மேனேஜரிடம் போனேன். டெஸ்ட் பிரிவில் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாயிற்றாம். அவ்வளவு அவசரம். என் டீமில் ஒரு இடம் காலியாக இருக்கிறதே என்றேன்.

"அவங்க டிரைவர் எழுதினதே இல்லையே?"

"எழுதினவன் லட்சணத்தத்தான் பாத்தீங்களே."

சிரித்தார். சரி என்று மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

பதில் இல்லை. இன்றும் போய்க் கேட்டேன். மானம் போனால் போகட்டும்.

மார்ச் 28, வெள்ளி

நாற்பது பம்புகளும் போய்விட்டன. கடைசிப் பெட்டி மூடும்வரை ரீஸ்டார்ட் அக்கா பக்கத்திலேயே நின்றார். சாயங்காலம் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சரி என்றுவிட்டார், ஒப்பந்தம் இல்லை, நிரந்தரமாகவே! அக்கா தலையை மட்டும் ஆட்டினார். வெளியே வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் போனைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

ஏப்ரல் 23, புதன்

அவர் எழுதிய முதல் டிரைவர் இன்று என் ரீவியூவுக்கு வந்தது, வெப்பமானிக்கானது. குற்றம் கண்டுபிடிக்கும் ஆசையோடுதான் உட்கார்ந்தேன், பொய் சொல்வானேன். வரிசை அவ்வளவு சுத்தம். ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். சிப் 'தயார்' சொல்லாமலே போனால் என் டிரைவர் லாக் என்ற பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். இவருடையது முதலில் அலாரத்தை அடிக்கிறது. ஏன் என்று கேட்டேன்.

"நர்ஸ் லாக் படிக்க மாட்டாங்க சார்."

பத்தொன்பது வருஷத்தில் ஒரு குறிப்பும் எழுதாமல் நான் ஒப்புதல் கொடுத்த முதல் டிரைவர் இதுதான். என் மோட்டார் டிரைவரிலும் அலாரத்தைச் சேர்த்துவிட்டேன். ரீவியூவுக்கு அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.