அரிசிக்கு முன்னால் ஒரு வார்த்தை

ஜூன் 3
சென்னையில் பெரிய கடை வைத்திருக்கும் ஸ்ரீராம்குமார் மில்லுக்கு வந்தான். அரிசியை மென்று பார்க்கவில்லை. மூட்டையைப் படம் பிடித்தான். அப்போதே பிடிக்கவில்லை எனக்கு.

"வெறும் ரைஸ்னு போட்டா விக்காதுண்ணே. முன்னாடி ஒரு வார்த்தை வேணும். ஹேண்ட் பவுண்டட் ரைஸ்! பாலிஷைக் கொறைச்சி ஓட்டுங்க, போதும்."

கையால் குத்தியதாம். மில் ஓட்டும் முனியன் சிரித்தான்: "ஸ்விட்ச்ச கையாலதான குத்திக்கினு கீறேன் மொதலாளி!"

வருஷம் முழுக்க மில் ஓடும் ஆர்டர்தான். ஆனால் மூட்டை தூக்கி வாங்கிய மில் இது. என் அரிசிமேல் பொய்யை ஒட்டமாட்டேன். அனுப்பிவிட்டேன்.

ஜூன் 4
கீர்த்தி சண்டை. ஏனாத்தூர் காலேஜில் இங்கிலீஷ் படித்த மகளாயிற்றே. "சில வார்த்தைங்க ஜோடியாத்தான்பா வரும். ஹெவி ரெயின், ஸ்ட்ராங் டீ. ரைஸுக்கும் அப்படித்தான். யார் அர்த்தம் பாக்கறா?"

ஹெவி ரெயின் என்றால் நனைகிறோம். ஸ்ட்ராங் டீ நாக்கில் தெரியும். இது? உமியை மென்ற மாதிரி இருக்கிறது வாய்.

ஜூன் 20
காஞ்சிபுரம் வியாபாரி மோகன் பாலிஷ் குறைத்த அரிசி கேட்டான். "சக்கர வியாதிக்காரங்க கேக்கறாங்கண்ணா." நியாயம். கொடுத்தேன்.

ஆகஸ்ட் 17
வேளச்சேரியில் கீர்த்திக்குப் பேசி முடித்தோம். பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா ஞானசுந்தரி சொன்னாள்: "தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி, நாங்க மில்லு அரிசி தொடறதேயில்ல. ஹேண்ட் பவுண்டட் ரைஸ்தான். ருசி தெரியுதா?"

தெரிந்தது. நெல் ஊறும் தண்ணீரை நடுவில் மாற்றுகிறவன் எங்கள் பக்கம் நான் ஒருத்தன்தான். சோற்றில் வாடையே இருக்காது. பாக்கெட்டைக் கேட்டு வாங்கி நாலு அரிசியை மென்றேன். என் அரிசி! மேலே ஸ்ரீராம்குமார் கடைப் பெயர். மோகன் அவனுக்கு விற்றிருக்கிறான் — தூ!

துப்ப இடமில்லை. கீர்த்தி கண்ணாலேயே கும்பிட்டாள். "அருமைங்க" என்று முழுங்கினேன். இன்னா மனுஷன் நான்?

ஆகஸ்ட் 18
மோகனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவன் அசரவில்லை: "லேபிள நீயா ஒட்ன? நானா ஒட்னேன்? அவன் ஒட்றான். உனக்கின்னாண்ணா பேஜாரு?"

செப்டம்பர் 1
கல்யாணப் பந்திக்கும் அந்தப் பாக்கெட் அரிசிதான் வேண்டுமாம் சம்பந்தியம்மாவுக்கு. மோகனுக்கு நிறுத்தினால், என் மகள் கல்யாணத்தில் எவன் அரிசியோ வேகும். அதைவிட அசிங்கம் உண்டா?

முனியன் கேட்டான்: "கல்யாண அரிசிய எப்போ ஓட்றது மொதலாளி?"

"இன்னிக்கே ஓட்டு. மோகன் லாரில ஏத்து. மெட்ராஸ் கடையில பாக்கெட்டா வாங்கிக்கலாம்."

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.