ஐந்தாறு ரூபாய்க்கு எல்லை தாண்டுகிறவர்கள்

பிப்ரவரி 11

காலை முழுக்க களியக்காவிளை பங்க்கில் நின்றேன். பாறசாலையில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம்தான். கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்ததும் பெட்ரோல் லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் குறைவு. கையில் காசு இறுகினால் நம் ஊர்க்காரர்கள் அங்கே போய் பெட்ரோல் அடிப்பார்கள், அந்தக் கூட்டத்தை வைத்தே ஊரின் நிலைமையைச் சொல்லிவிடலாம் — என் ஆராய்ச்சியின் வாதம் இவ்வளவுதான். கே.எல். 19 என்றால் பாறசாலை வண்டி, டி.என். 75 என்றால் மார்த்தாண்டம் வண்டி. எட்டு மாதமாக எண்ணுகிறேன். கேரள வண்டிகளின் கணக்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

பிப்ரவரி 18

கமிட்டி முன்னால் என் கைடு சோமன் சாரே கேட்டார்: "ஜெஸ்னா, பெட்ரோல் விலை அசையாம கிடக்கு. ரெண்டு பக்கமும் உள்ள வித்தியாசம் வெறும் டாக்ஸ் ஆக்கும். இதுல எக்கானமி எங்க உண்டு?"

சிரித்தார்கள். ஜூலையில் கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் பதிவு ரத்து. ஆறு வருட உழைப்பு! கெஸ்ட் லெக்சரராகவே கிழவி ஆகிவிடுவேனா? அழவில்லை. பஸ்ஸில் வரும்போது சோமன் சாரை மனசுக்குள் வண்டை வண்டையாகத் திட்டினேன். கொஞ்சம் தேவலை.

பிப்ரவரி 19

எண்ணப் போகவில்லை.

மார்ச் 2

எழுதக் கை பரபரக்கிறது. ரோஷத்தில் மறுபடி பங்க்குக்குப் போனேன். ஒரு ஸ்கூட்டர் வந்தது. முதல் நாலு எழுத்துக்கு மேல் நான் பார்ப்பதில்லை, டி.என். 75, தமிழ்நாட்டுக் கட்டத்தில் ஒரு கோடு. ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். என் வீட்டுக்காரர் நிஜின்!

"எட்டி, என்னையும் எண்ணியாச்சா? நான் எந்த ஊருகாரனாக்கும்?"

அந்த ஸ்கூட்டரை மார்த்தாண்டத்தில் அவருடைய அக்கா விலாசத்தில் எடுத்தோம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இப்படித்தான். அந்தப் பக்கம் ஒரு அக்காளோ மாமனோ இல்லாதவர் யார்? எட்டு மாதமாகப் பாறசாலைக்காரர்களை எல்லாம் தமிழ்நாட்டுக் கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறேன். அதே ஸ்கூட்டரில் தினமும் பின்னால் உட்கார்ந்து போகிறவள் நான்! பெட்ரோல் அடித்துக்கொண்டிருந்த விஜயம்மா அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

ஆனால்... வாதம் தப்பில்லை! எண்ணின விதம்தான் தப்பு! தலையில் அடித்துக்கொள்வதா, துள்ளுவதா?

மார்ச் 3

இனி நம்பர் பார்ப்பதில்லை. வாயைத் திறந்து கேட்பேன்: "எங்கயிருந்து வாறிய?"

மார்ச் 24

பாறசாலைக்காரர்கள் எப்போதும் வருகிறார்கள், அவர்களுக்குப் பக்கம். கேரளத்துக்குள் இன்னும் தள்ளி இருக்கும் உதியன்குளங்கரைக்காரர்கள்தான் விஷயம். அவர்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே பங்க் உண்டு. நான் ஊர் கேட்க ஆரம்பித்த புதிதில் அவர்களில் ஒருவரையும் காணோம். இந்த வாரம் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு கொத்தனாரிடம் காரணம் கேட்டேன்.

"பணி இல்ல மக்கா. நேரம் இஷ்டம்போல உண்டு, பைசாதான் இல்ல. பின்ன இங்க வாறதுக்கு என்ன?"

ஆறு வருடமாக நான் பக்கம் பக்கமாக எழுதியதை ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 16

உதியன்குளங்கரைக் கடைகளின் விற்பனைக் கணக்கை வியாபாரி சங்கத்தில் வாங்கினேன். கூட்டம் ஏறி மூன்று வாரத்தில் விற்பனை இறங்கியிருக்கிறது. ஒரு தடவை நடந்தால் தற்செயல் என்பார்கள். பொறு, ஜெஸ்னா.

ஜூன் 6

மறுபடியும்! மே மாதம் கூட்டம் ஏறிய அன்றே சோமன் சாருக்கு மெயில் போட்டேன்: "மூன்று வாரத்தில் கடைகள் படுத்துவிடும்." பதில் இல்லை. சொன்னபடியே படுத்துவிட்டன. கடைக்காரர்கள் பாவம். ஆனாலும் நான் அடுக்களையில் ஆடினேன். கர்த்தர் மன்னிக்கட்டும்.

ஜூலை 17

சோமன் சார் அதே கேள்வியைக் கேட்டார். இதற்காகவே காத்திருந்தேன்.

"விலை அசையல சார். ஆளு அசையுது. அதைத்தான் எண்ணினேன்."

பிறகு அந்த மே மாத மெயிலைத் திரையில் போட்டேன், தேதியோடு. கமிட்டியில் ஒருவர் சோமன் சாரைத் திரும்பிப் பார்த்தார். சார் கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"சப்மிட் பண்ணலாம்."

ஜெயித்துவிட்டேன்! பெருமையாக இருக்கிறது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. வெளியே வந்து நிஜினுக்குப் போன் செய்து சிரித்துக்கொண்டே இருந்தேன். "எட்டி, சொல்லித் தொலை!" என்று அவர்தான் கத்தினார்.

ஆகஸ்ட் 5

சோமன் சாரின் மனைவி ஸ்ரீகுமாரி சேச்சி போன் செய்தார். உதியன்குளங்கரையில் அவருக்குத் துணிக்கடை இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

"ஜெஸ்னா, ஓணத்துக்குச் சரக்கு எடுக்கணும். எங்க ஊருகாரங்க இப்பம் அங்க பெட்ரோலுக்கு வாறாங்களா?"

"வரல சேச்சி. தைரியமா எடுங்க. சாரிட்ட கேக்கலியா?"

"சார்தான் உன்னக் கூப்பிடச் சொன்னது."

பின்னாலிருந்து சாரின் குரல் கேட்டது: "கழிஞ்ச வாரம் எத்தனை பேருன்னும் கேளு."