வழியனுப்பிய கோழி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஊர் வந்து சேர்ந்தேன். விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று நீ பிடித்துக் கொடுத்த கோழியை ஷின்யாங்கா பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வந்ததும் என் கோழிகளோடு மேய விட்டேன்.

முதலில் அதற்குத்தான் கழுத்து திருகிக்கொண்டது. பிறகு என் கோழிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. இன்று எங்கள் தெருவிலேயே கோழி இல்லை.

பக்கத்து வீட்டு நியாமிசி வாசலில் நின்று கத்தினாள்.

"வெள்ளைக்கழிச்சல் வந்த வீட்டுக் கோழியையாடி தூக்கிட்டு வந்த? எங்கதையும் சேத்துக் கொன்னுட்டியே!"

"எங்க அக்கா தெரிஞ்சு அப்படிச் செய்றவ இல்ல" என்று நானும் கத்தினேன்.

கத்திய பிறகுதான் நினைவு வந்தது. நான் கிளம்பிய அன்று உன் வீட்டில் விடிந்தபோது ஒரு சேவல்கூடக் கூவவில்லை.

நான்தான் அசந்து தூங்கியிருப்பேன், இல்லையா அக்கா?

உன் தங்கை