மஞ்சள் தொப்பிக்காரியின் கை

அன்பின் அருந்தவனுக்கு,

நோபல் பார்க்கிலிருந்து மிருணாளினி. நானும் சஞ்சயும் சுகம். அதோடு நிறுத்தினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

சஞ்சயின் இருமல் குறைந்துவிட்டது. அப்பா எங்கே என்று ரீச்சர் கேட்டாவாம். "டாடி ஒன் ஹொலிடே, மம்மி அற் வேர்க்" என்று சொல்லியிருக்கிறான். அப்பா மாணவர்களைக் கூட்டிக்கொண்டு சைப்பிரஸ் தீவுக்குக் கல்லுப் படிப்பிக்கப் போயிருக்கிறார் என்று நான் திருத்தவில்லை.

நீங்கள் அனுப்பிய படத்தை வேலையிடத்தில் இரஞ்சிதம் அன்ரிக்குக் காட்டினேன். கரட் பொதி செய்கிற குளிரறைக்கு வெளியே நின்று, கண்ணாடியைப் போட்டு வடிவாய்ப் பார்த்தா. "பிள்ளை, உந்த மஞ்சள் தொப்பிக்காரி ஆர்? மனுசனுக்கு நல்லாக் கிட்ட நிக்கிறாள்" என்றா. உங்கள் மாணவி என்றேன். "உனக்குப் பொறாமையாய் இல்லையோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். அன்றைக்கு முழுக்க எனக்குப் புத்திமதிதான்.

பொறாமைதான். ஆனால் அவள் உங்களுக்குக் கிட்ட நிற்பதில் இல்லை. அவளுடைய கை அந்தக் கல்லில் இருக்கிறது. கடலுக்கு அடியில் உருவாகி, மலையாய் மேலே தள்ளப்பட்ட கல். பேராதனைப் பல்கலைக்கழக ஜியோலொஜி வகுப்பில் ஒரே வாங்கில் இருந்துதானே அந்தத் தீவைப் பற்றி இரண்டு பேரும் படித்தோம்? அட்டை கடிக்கக் கடிக்க மலையேறிய நாளில், ஒருநாள் அங்கே போகவேணும் என்று முதலில் சொன்னது நான். இந்தப் பெட்டை பஸ் தரிப்பிடச் சுவரில் சாய்வது போல அதில் கையூன்றிக்கொண்டு சான்ட்விச் சாப்பிடுகிறாள்.

உங்களிலும் பொறாமை. எழுதக் கை கூசுகிறது. போன கிழமை மலையுச்சியில் நின்று, காற்று இரைய இரைய, "மிருணா, நீ இதைப் பாத்திருக்கவேணும்" என்றீர்கள். அன்பாய்த்தான் சொன்னீர்கள். எனக்குப் போனைக் குசினிச் சுவரில் எறியவேணும் போல இருந்தது. என் மேற்படிப்புப் பிறகு, முதலில் உங்கள் பிஎச்டி முடியட்டும் என்றோம். பிறகு சஞ்சய் பள்ளிக்கூடம் போகத் தொடங்கட்டும் என்றோம். ஒவ்வொரு தடவையும் நல்ல காரணம்தான். அவன் போகத் தொடங்கியும் விட்டான். அதற்குப் பிறகு ஒருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

நேற்று வேலைக்கு லீவு போட்டேன். வேலையிடம் இருக்கிற டண்டினொங்குக்குப் போகிற ரயிலை விட்டுவிட்டு, நகரத்துக்குப் போகிறதில் ஏறினேன். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு இல்லை, மற்றதற்கு. மாஸ்டர்ஸ் படிப்புக்குப் பொறுப்பான பேராசிரியையைச் சந்தித்தேன். என் பழைய பெறுபேறுகளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காலமும் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டா. டண்டினொங்கில் என்றேன். அவ சிரித்தா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இடம் தருகிறோம் என்கிறார்கள். நானும் ஓம் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு நல்ல காரணம் வரும் என்று பயந்தேன்.

வருகிற வருஷம் அவர்களும் அந்தத் தீவுக்குப் போகிறார்கள். அப்போது சஞ்சயைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது நீங்கள்தான். வந்ததும் சண்டை பிடிப்பதானால் பிடியுங்கோ. வேண்டாம் என்று மட்டும் சொல்லாதேங்கோ.

சரிவுகளில் பார்த்து இறங்குங்கள். தண்ணீர் போதிய அளவு குடியுங்கள். எனக்கென்று அந்த மலையில் ஒரு துண்டு கல் உடைத்து வைத்திருந்தால், தயவுசெய்து பையில் போடாதீர்கள். அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நீங்கள் சுகமாய் வந்து சேர வேண்டுகின்ற,
மிருணாளினி