ஒன்றாம் தேதியும் ஒரு குப்பி அரிஷ்டமும்

அன்புள்ள பீனா சேச்சிக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும். வலது கையில் இரண்டு விரல் வீங்கியிருக்கிறது. போனை என் புருஷன் ஷிஜோ உடைத்துவிட்டார். பக்கத்து வீட்டு லில்லியின் கணவர் காலையில் குவைத்துக்குக் கிளம்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்துவிடுவேன்.

கைக்குழந்தை மோள் என் மடியில் தூங்குகிறாள். கீழ்ப்பல் எட்டிப் பார்க்கிறது.

தூக்கம் எப்படி என்று கேட்டிருந்தாய். டவுன் டாக்டர் கொடுத்த மாத்திரையில் பாதிதான் போட்டேன். உடம்பெல்லாம் தடித்து, நாக்கு கனத்து, மறுநாள் மதியம்வரை கட்டையாகக் கிடந்தேன். சளி மாத்திரைக்கே மயங்கி விழுகிறவள்தானே நான். "காலேஜ் படிச்சவளுக்கு ஒரு மாத்திரை முழுங்கத் துப்பில்ல" என்று மாமியார் சர்ச் வாசலில் நின்று சொல்லிச் சிரித்தார். நர்ஸான நீயும் இனி மாத்திரை தொடாதே என்றாய். ஆயுர்வேத வைத்தியரிடம் போனேன். அஸ்வகந்தா அரிஷ்டம் கொடுத்தார். "உன் உடம்புக்கு ஒரு மூடி போதும், தண்ணி கலந்துக்கோ மோளே. ஊறிப் புளிச்ச மருந்து, அளவு மீறினா தலைக்கு ஏறும்" என்றார். சேச்சி, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கனவில்லாமல் தூங்கினேன்.

குப்பியை ஒளித்துவைக்கத் தோன்றவில்லை. கடுகு டப்பா பக்கத்திலேயே வைத்திருந்தேன், முட்டாள்.

நேற்று ஒன்றாம் தேதி, மாதாமாதம் மதுக்கடைக்கு விடுமுறை. மதுக்கடை மூடினால் நம் ஊர் ஆண்கள் அரிஷ்டம் தேடி அலைவது உனக்குத் தெரியாததா? ஷிஜோவை வைத்தியசாலையில் துரத்திவிட்டிருக்கிறார்கள். வந்த வேகத்தில் அலமாரியைத் திறந்து பாதிக் குப்பியை ஒரே மூச்சில் விழுங்கினார். "அது என் மருந்து" என்று கையைப் பிடித்தேன். "நீ குடிச்சா மருந்து, நான் குடிச்சா பாவமாடி?" என்று என் முடியைச் சுற்றிப் பிடித்துக் கதவு நிலையில் மோதினார். மிச்சத்தையும் குடித்துவிட்டுக் குப்பியைச் சுவரில் அடித்தார். சில்லு தொட்டிலில் விழுந்தது. மோளின் நெற்றியில் ரத்தம். அதைப் பார்த்த பிறகுதான் தரையில் ஊன்றியிருந்த என் விரல்களை மிதித்தார்.

மாமியார் வாசற்படியில் நின்று, "கத்தாதே மோளே, ஒரு நாள்தானே, நாளைக்குக் கடை திறந்துடும்" என்றார்.

இன்று திறந்தது. குடித்துவிட்டுக் கூடத்தில் குறட்டை விடுகிறார். மாமியார் புதுக் குப்பி வாங்கி வந்து, "குடிச்சிட்டுத் தூங்கு, குழந்தையை நான் பார்த்துக்கறேன்" என்றார். கழுவுதொட்டியில் கொட்டிவிட்டேன். அந்த மருந்து எனக்கு நன்றாகக் கேட்கிறது, சேச்சி. அதுதான் பயம். தூங்கிவிட்டால் மோளின் அழுகை காதில் விழாது.

விழித்திருப்பதும் பயமாக இருக்கிறது. ரப்பர் பால் வெட்டும் கத்தி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. தொட்டிலைக் காக்கத்தான் எடுத்து வந்தேன். ஆனால் இங்கிருந்தே அவர் கழுத்தில் நரம்பு துடிப்பது தெரிகிறது. பார்க்காமல் இருக்க முடியவில்லை. மரத்தில் கோடு இழுப்பதைவிட அது சுலபம் என்று கை சொல்கிறது.

கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும். பாலா டவுனில் பூட்டிக் கிடக்கிற உன் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது? உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நானும் மோளும் ஒரு இரவு தூங்கினால் போதும். லில்லியின் எண்ணில் கூப்பிட்டுச் சொல். சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை,
ஜின்சி