மூன்றாம் நிறுத்தத்து உப்பு

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையிலேயே ஒரு டச்சுக்காரர் சுற்றுலா அலுவலகத்துக்குள் வந்து, கோட்டை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார். மோன்வியேயில் கோட்டை கிடையாது. பழைய தேவாலயம் உண்டு, துணி துவைக்கும் கல்தொட்டி உண்டு, கழுகுப் பாறை உண்டு, சுற்றிலும் திராட்சைத் தோட்டம் உண்டு, நான் உண்டு. சொன்னேன். நம்பவில்லை. கைப்பேசியில் படத்தைக் காட்டினார். அது ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வால்ரூஸ் ஊரின் கோட்டை. "அப்ப இங்க என்னதான் இருக்கு?" என்றார். "நடக்க வழி இருக்கு" என்று வரைபடத்தைக் கையில் திணித்து அனுப்பினேன்.

மாலையில் முகம் சிவந்து திரும்பி வந்தார். பாறைக்கு ஏறும் வழியில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறதாம்.

தெரியும், மகராசா. என் அக்கா போட்ட சங்கிலி.

ஏப்ரல் 23, புதன்

மழை. யாரும் வரவில்லை. அலுவலக ஜன்னலைத் துடைத்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

மேயர் அர்மான் வந்தான். மேயரை அவன் இவன் என்று எழுதக்கூடாதுதான். ஒன்றாம் வகுப்பில் என் பென்சிலைக் கடித்துத் தின்றவனை வேறு எப்படி எழுதுவது?

ஜூன் எட்டாம் தேதி விருந்து நடை. பன்னிரண்டு கிலோமீட்டர், ஆறு நிறுத்தம், நிறுத்தத்துக்கு ஒரு தட்டு சாப்பாடு, ஒரு வாய் ஒயின். அந்த நாளுக்காகவே பாரிஸிலிருந்தெல்லாம் வருவார்கள். ஒரு காலத்தில் எழுநூறு பேர் கழுத்தில் கிளாஸைத் தொங்கவிட்டுக்கொண்டு என் அக்கா மிரேயின் தோட்டத்து வழியாகப் பாறைக்கு ஏறினார்கள். அவள் வழியை அடைத்த பிறகு நெடுஞ்சாலை ஓரமாகப் போகிறோம். போன வருடம் இருநூற்றுப் பத்து.

"இந்த வருஷமும் லாரிக்கு நடுவுல சாப்பாடுன்னா, அடுத்த வருஷம் நடையை வால்ரூஸ்காரங்ககிட்ட குடுத்துடலாம்னு கமிட்டியில பேச்சு. அவங்ககிட்ட கோட்டை இருக்கு" என்றான்.

"கோட்டையைத் தூக்கித் தலையில வச்சுக்கச் சொல்லு."

"கோவப்படாதே ஓதில். மிரேய்கிட்ட ஒரு வார்த்தை பேசேன். உன் அக்காதானே?"

"அக்காதான். அதான் பிரச்சனையே."

எத்தனை தடவை எழுதியிருப்பேன் இதை. இன்னொரு தடவை எழுதினால் என்ன. மூன்று வருடத்துக்கு முன்னால் மூன்றாம் நிறுத்தத்துச் சமையல் மிரேயுடையது. சிவப்பு ஒயினில் மாட்டிறைச்சி, நான்கு கொப்பரை. ஊரில் மைக் என் கைக்கு மட்டும்தான் பழக்கம். நான் அறிவித்தேன்: "மூணாவது நிறுத்தம் என் அக்கா கைப்பக்குவம்! பயப்படாதீங்க, நாலாவதுல தண்ணி நிறைய வச்சிருக்கோம். கடல்ல கூட இவ்ளோ உப்பு கிடையாது!" எழுநூறு பேரும் சிரித்தார்கள். மிரேய் கரண்டியை வைத்தாள், ஏப்ரனைக் கழற்றி நான்காக மடித்தாள், போய்விட்டாள். மறுநாள் காலை சங்கிலி. அன்றிலிருந்து ரொட்டிக் கடையில் எதிரே நின்றாலும் நான் அவளுக்குக் கண்ணாடி, ஊடே பார்க்கிறாள்.

ஒரு தமாஷுக்கு மூன்று வருடமா? அதுவும் உப்பு நிஜமாகவே அதிகம்! நாக்கு எரிந்தது!

ஏப்ரல் 27, ஞாயிறு

லூசியனும் நானும் நெடுஞ்சாலை வழியை நடந்து பார்த்தோம். ஒரு சிமெண்ட் லாரி என் தொப்பியைக் கொண்டுபோயிற்று. "கிராமிய அழகு" என்றார் என் வீட்டுக்காரர். அடிக்கத் தோன்றியது.

மே 1, வியாழன்

இன்று வெள்ளை மணிப்பூ கொடுக்கும் நாள். எல்லோரும் எல்லோருக்கும் கொடுப்பார்கள். ஆகாதவர்களுக்குக்கூட. ஒரு கொத்து வாங்கி லூசியனிடம் கொடுத்து மிரேய் வீட்டுக்கு அனுப்பினேன். கல்யாணம் கட்டாமல் திராட்சையைக் கட்டிக்கொண்டவள். யார் கொடுக்கப் போகிறார்கள் அவளுக்கு?

லூசியன் முக்கால் மணி நேரம் கழித்து வாயில் கேக் துகளோடு வந்தார்.

"வாங்கிக்கிட்டாளா?"

"வாங்கி டம்ளர்ல தண்ணி ஊத்தி வச்சுட்டா. கேக் குடுத்தா."

"என்ன சொன்னா?"

"பூ சரி, மைக் எங்கேன்னு கேக்கச் சொன்னா."

மே 2, வெள்ளி

மைக்காம். மைக்! ஊர் முன்னாடி நான் மன்னிப்புக் கேக்கணுமாம். எதுக்கு? உண்மையைச் சொன்னதுக்கா? உப்பை உப்புன்னு சொல்லாம சர்க்கரைன்னா சொல்லுவாங்க? மாட்டேன். வால்ரூஸ்காரன் எடுத்துக்கிட்டுப் போகட்டும். கோட்டைக்கு உள்ளேயே சுத்திச் சுத்தி நடக்கட்டும்.

லூசியன் சூப் வைத்தார். குடிக்கவில்லை.

குடித்தேன், கொஞ்சம்.

மே 9, வெள்ளி

எப்படி எழுதுவது இதை.

பழைய வழிக்கு எத்தனை அம்புப் பலகை வைத்தோம் என்று பார்க்க, அந்த வருடத்து நோட்டை எடுத்தேன். ஒரு பேச்சுக்குத்தான். வழி கிடைக்காது என்று தெரியும், இருந்தாலும் எண்ணிக்கை தெரிந்தால் நல்லது என்று. எண்பத்து நான்கு பலகை. அதே பக்கத்தில், நடைக்கு முந்தின நாள்: "மாட்டிறைச்சியோடு சேர்க்கும் பன்றி உப்புக்கண்டம் பன்னிரண்டு கிலோ நம் வீட்டில் இருக்கிறது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடணும். மிரேய் மூன்று முறை சொல்லிவிட்டாள்."

அதற்கடுத்து, நடை நாள் காலை: "உப்புக்கண்டத்தை ஊறப் போட மறந்தேவிட்டேன். குழாயில் ஒரு அலசு அலசிக் கொடுத்தனுப்பியாச்சு. யாருக்குத் தெரியப் போகிறது."

என் கையெழுத்து. என் பச்சை மசி.

ஊறாத உப்புக்கண்டம் பன்னிரண்டு கிலோ. அதை அவள் கொப்பரையில் போட்டுவிட்டு, மைக்கை எடுத்து அவளையே—

அடிப் பாவி. அடிப் பாவி ஓதில்.

மே 10, சனி

லூசியனிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு பெல்ஜியக்காரர்களைக் கல்தொட்டிக்கு அனுப்புவதற்குப் பதிலாகக் கல்லறைக்கு அனுப்பிவிட்டேன். அவர்களுக்குப் பிடித்திருந்ததாம்.

மே 14, புதன்

கொடி பனியில் கருகும் பயம் இனிமேல் இல்லை. ஊரே தோட்டத்தில் வேண்டாத துளிர்களைக் கிள்ளிக்கொண்டிருக்கிறது. மத்தியானம் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு மிரேயின் சரிவுக்குப் போனேன். சங்கிலியைத் தாண்டும்போது பாவாடை மாட்டிக்கொண்டது. அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

"யாரு, சுற்றுலாப் பயணியா?"

"நான்தான்."

"தெரியுது. மூச்சு வாங்குறது ஊருக்கே கேக்குது."

வழி நெடுக ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "உப்புக்கண்டத்தை நான் ஊறப் போடல" என்றேன்.

"தெரியும்." கை நிற்கவே இல்லை. கிள்ளிக்கொண்டே போனாள்.

"தெரியுமா? எப்பத்திலேர்ந்து?"

"முதல் கரண்டி வாயில வச்சப்பவே. உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டேன், இன்னும் ஒயினை ஊத்தினேன். ம்ஹும். பன்னிரண்டு கிலோடீ அது."

"அப்பவே ஏன்க்கா சொல்லல? ஓதில்தான் பண்ணினான்னு ஒரு வார்த்தை..."

அப்போதுதான் நிமிர்ந்தாள், பார்வை பாறைப் பக்கம். "சொன்னா ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்கும். போகட்டும், மிரேய் கை கொஞ்சம் கரிப்புன்னு இருக்கட்டும்னு நினைச்சேன். அதுக்குள்ள நீ மைக்கை எடுத்துட்டே."

நான் அழுதேன். ஐம்பத்தேழு வயதில், நடுத் தோட்டத்தில், மூக்கு ஒழுக. அவள் கைக்குட்டை கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை மட்டும் என் பக்கமாகக் காலால் தள்ளினாள்.

"மன்னிச்சுக்கோ" என்றேன்.

"இங்க நாம ரெண்டு பேர்தான் இருக்கோம். அன்னைக்கு எழுநூறு பேர் இருந்தாங்க. நடை அன்னைக்குச் சங்கிலி பக்கத்துல நிப்பேன். உன் குரல் இங்க வரைக்கும் நல்லாவே கேக்கும். சொன்னா வழி. சொல்லலேன்னா உங்க லாரி ரோடு இருக்கவே இருக்கு."

மே 15, வியாழன்

லூசியனிடம் எல்லாம் சொன்னேன். சிரித்தே விழுந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"நடைக்காகச் சொல்லப் போறியா, மிரேய்க்காகவா?"

நடை போனால் போகட்டும். அவள் என்னைப் பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அத்தனை பேர் முன்னால்... வருடா வருடம் எல்லோரையும் கேலி செய்த அதே மைக்கில்... அர்மான் என் காலம் உள்ளவரை விடமாட்டான்.

மே 28, புதன்

முந்நூற்று எண்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எந்த வழி என்று அர்மான் தினமும் கேட்கிறான். "அன்னைக்குக் காலையில தெரியும்" என்கிறேன். "நீ என்ன போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்குறியா?" என்கிறான்.

ஜூன் 7, சனி

இரண்டு வழிக்கும் பலகை நட்டாயிற்று. பிரியும் இடத்தில் லூசியன் நிற்பார். தோட்டத்துப் பக்கம் ஒரு அம்பு, சாலைப் பக்கம் ஒரு அம்பு, இரண்டையும் சாக்குப் போட்டு மூடியிருக்கிறோம். எதைத் திறப்பது என்று நான் பேசி முடித்ததும் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஜுரம் வந்தால் நன்றாக இருக்கும். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளுகுளு என்று இருக்கிறது, சனியன்.

ஜூன் 8, ஞாயிறு

கால் கெஞ்சுகிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

ஒன்பதரைக்குத் தேவாலயச் சதுக்கம் நிறைந்துவிட்டது. மைக்கை வாங்கினேன். வணக்கம் சொன்னேன். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். திராட்சைக் கொடியில் கை வைக்காதீர்கள் என்றேன். முதல் நிறுத்தத்துச் சீஸ் உருண்டைகளைப் பற்றி ஒரு பெரிய பிரசங்கம். தொப்பியைப் பற்றி மறுபடியும் சொன்னேன். அர்மான் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். சரிவில், சங்கிலிக்குப் பக்கத்தில், நீலமாக ஒரு புள்ளி தெரிந்தது. அவள் வேலைச் சட்டை.

சொல்லிவிட்டேன். "மூணு வருஷத்துக்கு முன்னாடி மூணாவது நிறுத்தத்துல சாப்பாடு உப்புக் கரிச்சுதில்லையா, அது மிரேய் கை இல்லை. என் கை. பன்னிரண்டு கிலோ உப்புக்கண்டத்தை ஊறப் போட மறந்துட்டு, அலசிக் குடுத்துட்டு, வாய் கூசாம அவளைக் கேலி பண்ணினேன். அவளுக்கு அப்பவே தெரியும். என்னைக் காட்டிக் குடுக்கல. அவ நல்ல சமையல்காரி. என்னை விட நல்லவ. அக்கா, கேக்குதா? மன்னிச்சுக்கோ."

பிறகு ரொட்டிக் கடைக்காரர், "பன்னிரண்டு கிலோவா!" என்று கத்தினார், சதுக்கமே குலுங்கிச் சிரித்தது. என்னைப் பார்த்துத்தான். காதெல்லாம் எரிந்தது. சிரிக்கட்டும். என் பார்வை சரிவிலேயே இருந்தது. நீலப் புள்ளி குனிந்தது, நிமிர்ந்தது, ஓரமாக நகர்ந்து நின்றது.

லூசியன் தோட்டத்துப் பக்கத்துச் சாக்கை எடுத்தார்.

நான் கடைசிக் கூட்டத்தோடு ஏறினேன். மிரேய் அங்கேயேதான் நின்றிருந்தாள். முந்நூற்று எண்பது பேருக்கும் வணக்கம் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தொப்பியைப் பத்தி எதுக்குடி ரெண்டு தடவை சொன்னே?"

"பயம்."

"ம். தெரிஞ்சுது." கழற்றிய சங்கிலியை ஓரமாகப் போட்டாள். "பாறை வரைக்கும் வரேன். முழங்கால் வலிக்குதுன்னு நடுவுல உக்காரக் கூடாது."

நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். இரண்டு தடவையும் அவளும் உட்கார்ந்தாள்.

ஜூன் 19, வியாழன்

பதினோரு நாள் எழுதாமல் போயிருக்கிறது. எழுதவில்லை என்பதே இன்றுதான் ஞாபகம் வந்தது. காலையில் மிரேய் காபிக்கு வருகிறாள். டச்சுக்காரர்கள், அர்மான், லூசியனின் குறட்டை, எல்லாம் அங்கேயே பேசித் தீர்ந்துவிடுகிறது; மாலையில் பேனாவை எடுத்தால் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மூன்று வருடமாக இதில் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை வால்ரூஸுக்கு நடக்கப் போகிறோம், கோட்டை பார்க்க. இத்தனை வருடத்தில் இரண்டு பேருமே உள்ளே போனதில்லை. மிரேய் சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறாள், நான் தண்ணீர்.