பல் பிடுங்காத படிப்பு

17ஆம் பிளாக்,
நெய்வேலி,
14.11.1984

அன்புள்ள செங்கமலத்துக்கு,

உன் சீனியர் அக்கா புஷ்பவல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். விடுதிச் சாப்பாடு உனக்கு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா?

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உனக்கு முன்னால் படித்து முடித்த எங்கள் எட்டுப் பேரில் ஒருத்திக்கும் இன்னும் வேலைக்கு ஆர்டர் வரவில்லையாமே, படிப்பை நிறுத்திவிட்டுச் சொந்த ஊர் சேத்தியாத்தோப்புக்கே போய்விடட்டுமா என்று கேட்டிருந்தாய். உன் வகுப்பில் பாதிப் பேர் சாயங்காலம் டைப்ரைட்டிங் போகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஆசையாக இருக்கும். வகுப்பு முடிந்து மாடியிலிருந்து இறங்கும்போதே, இதைப் படித்துவிட்டு எங்கே போவது என்ற பேச்சு வந்துவிடும். என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன்.

ஊருக்கு வந்து, பல் சுத்தம் செய்யும் டென்டல் ஹைஜீனிஸ்ட் வேலை என்று கேட்ட இடத்திலெல்லாம் அப்படி ஒரு போஸ்டே இல்லை என்றார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் குமாஸ்தா, "ஹைஜீனிஸ்டா? நர்ஸுன்னு எழுதிக்கட்டுமா?" என்றார். அப்பா மைன்ஸில் ஷிப்டுக்குப் போனால், "உங்க பொண்ணு பல்லு புடுங்குமா?" என்று கேட்கிறார்களாம். இல்லை என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது.

கடைசியில் பக்கத்து வடக்குத்து ஊரில் பல் கிளினிக் வைத்திருக்கும் ஒரு டாக்டர் சேர்த்துக்கொண்டார். டோக்கன் கொடுப்பது, கருவிகளைக் கொதிக்க வைப்பது, பஞ்சு சுருட்டுவது. இதுதான் என் வேலை.

ஆடி மாதம் சின்னதுரை என்று ஒருவர் வந்தார். மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. நாற்பது வயதுதான் இருக்கும். "ரத்தம் வந்துகினே இருக்குதும்மா, சோறு மெல்ல முடியல" என்றார். டாக்டர் பார்த்துவிட்டு, கீழ்வரிசை முழுவதையும் எடுத்துப் பல்செட் கட்டிவிடலாம் என்றார். நானும் பார்த்தேன், செங்கமலம். பல்லில் பாறை மாதிரி காரை படிந்திருந்தது, அவ்வளவுதான். சுத்தம் செய்தால் ஈறு இறுகிவிடும் என்று மெதுவாகச் சொன்னேன். "ரெண்டு வருஷம் படிச்சவ எனக்குச் சொல்றியா?" என்று கேட்டார்.

புதன்கிழமைகளில் டாக்டர் கடலூர் போவார். சின்னதுரையை அன்றைக்கு வரச் சொன்னேன். டாக்டர் இல்லாமல் நாம் வாயில் கை வைக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தேன். நான்கு புதன்கிழமைகள். ஒவ்வொரு புதனும் கொஞ்சம் கொஞ்சமாகக் காரையைச் சுரண்டி எடுத்தேன். நான்காம் புதனன்று ரத்தம் நின்றுவிட்டது. படித்தது வீணில்லை என்று அன்றைக்கு ஒருநாள்தான் நினைத்தேன்.

மறுவாரம் அவர் டாக்டர் இருக்கும்போதே வந்து நின்றார். "வழியெல்லாம் மல்லாட்ட தின்னுகினு வந்தேம்மா! ஒரு பல்லும் ஆடல!" என்று கையிலிருந்த வேர்க்கடலையைக் காட்டி எல்லோர் முன்னாலும் சிரித்தார். பாவம், அவர்மேல் தப்பில்லை. டாக்டர் கத்தவில்லை. சுத்தம் செய்யும் கருவிகளை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். "நாளையிலேர்ந்து டோக்கன் மட்டும் குடு" என்றார்.

இன்றைக்கும் அங்கேதான் போகிறேன். பிடுங்க வேண்டாத பல்லைப் பிடுங்கும்போது கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். விட்டுவிட்டு வேறெங்கே போக? தனியாக நாம் எதுவும் செய்ய முடியாது. நம்மை வேண்டும் என்று சொல்லும் டாக்டரும் இல்லை. அப்பாவுக்கு இன்னும் ஒன்றரை வருடம்தான் சர்வீஸ். குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குள் என்னைக் கரையேற்றிவிட வேண்டும் என்கிறார். சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. நல்ல மனிதர்கள்தான். பெண் வேலைக்குப் போகக்கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். தை மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நீ படிப்பை விடாதே. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் விடாதே.

எனக்காக ஒன்று செய்வாயா? என் அப்பா பெயருக்கு ஒரு கடிதம் போடு. நம் படிப்புக்கு இப்போது ஆள் எடுக்கிறார்கள், சீக்கிரம் ஆர்டர் வரும், இன்னும் ஒரு வருடம் பொறுத்திருங்கள் என்று எழுது. நான் சொன்னதாக எழுதாதே. பட்டணத்தில் படிக்கும் பிள்ளை எழுதினால் அவர் நம்புவார். உண்மையா என்று நீ யாரிடமும் விசாரிக்க வேண்டாம், தங்கச்சி. எழுதிப் போட்டுவிடு.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அன்பு அக்கா,
ச. புஷ்பவல்லி